கலாநிதி சரோஜினியை நேரில் கண்டது தொடர்பாக

நோர்பரி,
லண்டன்.
06.12.2009

பெருமதிப்புக்குரிய சுப்பிரமணியன் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் தியாகராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் சிவமலரும் குளிரைத் தவிர வேறு குறையின்றி இருக்கிறோம். அவ்விடம் தங்கள் முழங்கால் நோவும் அக்காவின் இருமலும் இக்கடிதம் வெள்ளவத்தைக்கு வந்து சேரும் முன்பே தணிந்திருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறோம்.

நிற்க, தாங்கள் கடந்த வெள்ளியன்று தொலைபேசியில் என்னை அழைக்காமல் சிவமலரிடம் மட்டும் பேசி, நான் அலுவலகக் காசில் கை வைத்து வேலையிலிருந்து கலைக்கப்பட்டேனா என்று விசாரித்ததாக அறிந்தேன். இந்தச் செய்தி எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். ஹரோவில் இருக்கும் நகுலேஸ்வரி மச்சாள் போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் வீதியால் வந்தவர், நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டார். வேலை நாளில் சாரத்தோடு நிற்கிற மனிதன் ஒன்றில் நோயாளி, அல்லது கள்ளன் என்பது அவரின் முடிவு. நான் நோயாளி போலத் தெரியவில்லையாம். அத்தான், எங்கள் பகுதியில் காசுப் பெட்டியே கிடையாது. நான் வேலையை விட்டது உண்மை. விடச் சொன்னவர் யாரென்பதைத்தான் இதில் எழுதப்போகிறேன். தாங்கள் மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் கோப்புப் பார்த்து முப்பத்திரண்டு வருடம் தலைமை இலிகிதராக இருந்தவர். விதி எது, விதிவிலக்கு எது என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே பொறுமையாக வாசிக்கவும்.

நான் யூனிவேர்சிற்றியில் வேலையாட்களின் விபரம் பார்க்கும் ஆளணிப் பகுதியில் இருபது வருடம் வேலை செய்தவன். போன வருடத்திலிருந்து வெளிநாட்டு விரிவுரையாளர்களின் விசா விடயம் முழுவதும் என் தலையில் விழுந்தது. முந்தி இப்பிடி இல்லை. ஆறேழு வருஷத்துக்கு முந்தி, நாட்டுக்குள்ள இருந்துகொண்டு விசாவை நீட்டுறதுக்கு ஒரு சதமும் கேக்கமாட்டாங்கள். பிறகு சின்னத் தொகையொண்டு கேட்டாங்கள். பிறகு அது இரண்டு மடங்கு, மூண்டு மடங்கு எண்டு ஏறிச்சுது. இப்ப புதுச் சட்டம். ஆளை வைச்சிருக்கிற நிறுவனம் ஸ்பொன்சர் லைசென்ஸ் எடுக்க வேணும், அதுக்குக் காசு. ஆளுக்கொரு பத்திரம், அதுக்கும் காசு. பிள்ளை குட்டி இருந்தா மேலும் காசு. காசு குடுத்தாலும் போதாது, அந்த ஆள் ஒழுங்காய் வேலைக்கு வாறாரோ, எங்கை இருக்கிறார் எண்டு நாங்கள்தான் கண்ணில எண்ணெய் விட்டுப் பாக்க வேணும். ஏதும் மாற்றமெண்டா பத்து நாளுக்குள்ள அரசாங்கத்துக்கு அறிவிக்க வேணும். அறிவிக்காட்டி லைசென்ஸ் போம், லைசென்ஸ் போனா எங்களிட்டை இருக்கிற நாப்பத்தி மூண்டு பேரும் பெட்டி கட்ட வேணும். நான் அந்த நாப்பத்தி மூண்டு பேருக்கும் ஊரைக் கண்காணிக்கிற விதானையார் மாதிரி.

இந்த வருஷம் ஒக்ரோபரில எங்கட டைரக்டர் அம்மா ஒரு முடிவு எடுத்தா. இனிமேல் இந்தச் செலவை யூனிவேர்சிற்றி பொறுக்காது, அந்தந்த ஆக்கள் தாங்களே கட்ட வேணும், சம்மதமெண்டு நேரில கையெழுத்து வைக்க வேணும், இல்லையெண்டா வேலை ஒப்பந்தம் நீட்டுப்படாது. இதை அறிவிக்கிற கடிதத்தையும் சம்மதப் படிவத்தையும் தபாலில அனுப்பக்கூடாது, மின்னஞ்சலும் கூடாது. நான் ஆளை நேரில கண்டு, பாஸ்போட்டைப் பாத்து, “இன்ன திகதி இன்ன நேரம் நேரில் கண்டேன்” எண்டு எழுதி ஒப்பமிட வேணும். முதல் கடிதம் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிற, டொக்டர் பட்டம் பெற்ற கலாநிதி சரோஜினிக்கு. பினாங்கில இருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பொம்பிளை, புருஷன் இல்லை, பத்து வயசில ஒரு மகள், கோலியர்ஸ் வுட்டில வீடு. அவவின்ர விசா டிசம்பர் நடுப்பகுதியில முடியுது. யூனிவேர்சிற்றிக் கெடு நவம்பர் முப்பது. ஆளை நான் முன்னம் பாத்ததில்லை, நாலாயிரம் பேர் வேலை செய்யிற இடம். கடிதத்தைக் கோட்டின்ர உள் பொக்கெற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு நவம்பர் ரெண்டாந் திகதி திங்கக்கிழமை காலமை அவவின்ர அறைக்குப் போனன்.

நாலாம் மாடி. கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ள ஒருத்தரும் இல்லை. கதிரையில நீலக் கம்பளிச் சட்டை, மேசையில ஒரு கோப்பை தேத்தண்ணி, ஆவி பறந்துகொண்டிருக்கு. வெளியில இருக்கிற செயலாளர் பிள்ளை றோஸ்மலர், தோர்ண்டன் ஹீத்தில இருக்கிற எங்கட ஊர்ப் பிள்ளை, “இப்பதான் எழும்பிப் போனவ அண்ணை, இருங்கோ” எண்டு சொன்னா. சொல்லிப்போட்டு என்னைப் பாக்காமல் தட்டச்சுப் பண்ணத் தொடங்கினா. இருந்தன். நாப்பது நிமிஷம் இருந்தன். அத்தான், நான் தேத்தண்ணி விஷயத்தில பொய் சொல்ல மாட்டன். நாப்பது நிமிஷமும் அந்தக் கோப்பையில இருந்து ஆவி பறந்துகொண்டே இருந்தது. அறையில ஹீற்றர் கிடக்கு, அதாலயாய் இருக்குமெண்டு நினைச்சன். போகேக்கை ஹீற்றரைத் தொட்டுப் பாத்தன். அது வேலை செய்யேல்லை.

அடுத்த நாள் அவவின்ர வகுப்பு நடக்கிற மண்டபத்துக்குப் போனன். வாசலில ரெண்டு மாணவர் நிண்டு, ரீச்சர் இப்பதான் போறா எண்டாங்கள். உள்ள எட்டிப் பாத்தா ஒரு மனிசரும் இல்லை, பலகை நிறையக் கணக்கு, கடைசி மூலையில சின்னதாய்த் தமிழில, “அண்ணே, கொஞ்சம் பொறுங்க.” நான் அழிக்கிறதோ விடுறதோ எண்டு யோசிச்சன். ஆபீஸ் சம்பந்தப்பட்ட தொடர்பெண்டபடியால் திகதி போட்டு என்ர கொப்பியில எழுதிக்கொண்டு வந்தன். புதன்கிழமை லிப்ட் கதவு மூடேக்கை உள்ளயிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை நீண்டு கதவைப் பிடிச்சுது. நான் ஓடி வாறதைக் கண்டுதான் பிடிக்கிறா எண்டு நினைச்சு ஓடினன். கிட்டப் போக, கை மெதுவாய் உள்ளுக்குப் போச்சு. அடுத்த மாடியில படியால ஓடிப் போய் மறிச்சன். லிப்ட் திறந்தது. வெறுமை. எனக்கு அறுபத்தி மூண்டு வயசு, ரெண்டு தரம் நெஞ்சுப் பரிசோதனை செய்த ஆள், இதை அக்காவுக்கு வாசிச்சுக் காட்ட வேண்டாம்.

பிறகு வாசல் காவலாளியிட்டைப் போனன். கானா நாட்டு மனிசன், பைபிள் வாசிக்கிற நேர்மையான ஆள். வருகைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு நாளும் சரோஜினியின்ர பெயர்தான் முதலாவது, நேரம் ஏழு பத்து. கதவு எத்தினை மணிக்குத் திறப்பியள் எண்டு கேட்டன். ஏழரைக்கு எண்டார். அப்ப ஏழு பத்துக்கு எப்பிடி எண்டு கேக்க, அவர் புத்தகத்தை மூடிப்போட்டு, தான் வாற நேரம் அது ஏற்கெனவே எழுதியிருக்கு, தனக்கு சம்பளம் கதவுக்குத்தான், புத்தகத்துக்கு இல்லை எண்டார்.

இதெல்லாம் போக, அடுத்த கிழமை ஒரு பின்னேரம் நான் வீட்டுக்கு வர, சிவமலர் சந்தோஷமாய் இருக்கிறா. உங்கட ஆபீசில இருந்து சரோஜினி எண்டொரு ஆள் ரெலிபோன் எடுத்தது, என்ன அருமையான குரல், இருவது நிமிஷம் கதைச்சது எண்டா. என்ன கதைச்சதெண்டு கேட்டன். சுகம் விசாரிச்சது, தாயைப் பற்றிச் சொன்னது, பிறகு உங்கட கோட்டின்ர உள் பொக்கெற்றில இருக்கிற கடிதத்தை முப்பதாந் திகதிக்கு முந்தி அவசரப்பட்டு ஒண்டும் செய்ய வேண்டாம், தான் வாறன் எண்டு சொல்லச் சொன்னது. கடிதம் பொக்கெற்றில இருக்கெண்டு நீ சொன்னியோ எண்டு கேட்டன். எனக்கே இப்பதான் தெரியுமெண்டா சிவமலர். வீட்டு நம்பரை ஆருக்கும் நான் குடுத்ததில்லை, நகுலேஸ்வரி மச்சாளுக்குக் குடுத்ததுதான் கடைசி, அதின்ர பலனைத்தான் இப்ப அனுபவிக்கிறன்.

இருபத்தி மூண்டாந் திகதி டைரக்டர் அம்மா கூப்பிட்டா. மூண்டு கிழமை ஆச்சு, ஒரு ஆளைக் கண்டுபிடிக்க ஏலாதெண்டா நாங்கள் என்னத்தைக் கண்காணிக்கிறம், வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளைக் கண்டு கையெழுத்து வாங்கு, இல்லையெண்டா காணாமல் போன ஆள் எண்டு அரசாங்கத்துக்கு அறிவி எண்டு சொன்னா. அறிவிச்சா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். தாய்க்கும் பிள்ளைக்கும் இஞ்சத்தை வாழ்க்கை முடிஞ்சுது. எண்டாலும் நான் அதுக்கும் ஆயத்தப்பட்டன், மறைக்கேல்லை. அறிவிக்கிறதுக்கு அவவின்ர பழைய வேலை அனுமதிப் பத்திர இலக்கம் தேவைப்பட்டுது. அது நிலவறையில, பழைய பைல் அடுக்கியிருக்கிற அறையில. வியாழக்கிழமை பின்னேரம் மூண்டு மணிபோல இறங்கிப் போனன்.

அந்த அறையின்ர விளக்குகளைப் பற்றிச் சொல்ல வேணும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறதுக்கு, ஆள் அசைஞ்சாத்தான் எரியும், அசையாட்டி ரெண்டு நிமிஷத்தில அணையும். நான் கதவைத் திறக்க என்ர தலைக்கு மேல ஒண்டு எரிஞ்சுது. நடக்க நடக்க ஒவ்வொண்டாய் எரிஞ்சுது. கடைசி அடுக்குக்கு வர, அங்கை இருட்டுக்குள்ள ஒரு சின்ன ஏணிப் படியில ஒரு பொம்பிளை இருந்து பைல் ஒண்டை வாசிச்சுக்கொண்டிருந்தா. நாப்பது, நாப்பத்தைஞ்சு வயசு, ஒட்ட வெட்டின தலைமயிர், இடப்பக்க நாடியில ஒரு மச்சம், வளையல். இருட்டில எப்பிடி வாசிக்கிறா எண்டு நான் யோசிக்க முதலே, “உட்காருங்க அண்ணே, ரொம்ப அலைஞ்சிட்டீங்க” எண்டா.

ஒரு பெட்டியில இருந்தன். கோவமும் வந்தது, பயமும் வந்தது, ரெண்டும் ஒண்டாய் வந்தா மனிசருக்குச் சத்தம் வராது. மெதுவாய்த்தான் கேட்டன், ஏன் பிள்ளை இத்தினை நாளாய் ஒளிச்சுத் திரிஞ்சனீங்கள் எண்டு. “ஒளியல அண்ணே, வர்றதுக்கு நேரமாகுது” எண்டா. அவ்வளவுதான் சொன்னா. அந்த நேரம் விளக்கு அணைஞ்சு போச்சு. நான் ரெண்டு கையையும் தூக்கி தண்ணிக்குள்ள தாழுற ஆள் மாதிரி ஆட்டினன், எரிஞ்சுது. திரும்பக் கதைச்சம். திரும்ப அணைஞ்சுது, திரும்ப ஆட்டினன். அவ பக்கத்தைத் திருப்பினா, பைலை மாத்தினா, தலைமயிரை ஒதுக்கினா. அதுகளுக்கெல்லாம் விளக்கு ஒருக்காலும் எரியேல்லை. நான் ஆட்டினாத்தான் எரிஞ்சுது. சென்சர் பழசு எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

கடிதத்தை எடுத்தன், வாசிச்சுக் காட்டினன். தன்னட்டைக் காசில்லை எண்டா. இருந்தது முழுக்க அம்மாவின்ர ஆஸ்பத்திரிக்குப் போட்டுது, மகளின்ர விசாவுக்கும் சேத்துக் கட்டுறதெண்டா அடுத்த வருஷம்தான் ஏலும் எண்டா. நான் ஆறுதலாய் ஏதும் சொல்ல வேணுமெண்டு வாய் திறக்கேக்கை அவ என்னைக் கேட்டா, “உங்களுக்கு யாரு அண்ணே ஸ்பொன்சர் பண்ணாங்க?”

ஒருத்தரும் இல்லை எண்டன். எண்பத்தைஞ்சில வந்த ஆள் நான், உங்களுக்குத் தெரியும். வந்த புதுசில கிழமைக்கொருக்கால் குடிவரவுக் கந்தோரில போய்க் கையெழுத்து வைக்க வேணும். லண்டன் ரூட்டிங் பக்கம் இருந்த அறையை விட்டுக் கலைச்சாப் பிறகு ஏழு கிழமை நான் போகேல்லை, படுக்கிற இடமும் இல்லை. எட்டாம் கிழமை, பிடிச்சு அனுப்பப் போறாங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு போனன். வயசான ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை புத்தகத்தைத் திறந்து, வெறுமையாய்க் கிடந்த ஏழு கட்டத்தையும் பாத்து, பேனையை என்னட்டை நீட்டி, ஒவ்வொண்டாய்க் கையெழுத்து வைக்கச் சொன்னா. ஒரு கதையும் கேக்கேல்லை. இதை நான் இருபத்தி நாலு வருஷமாய் சிவமலருக்கும் சொன்னதில்லை. நிலவறையில கையை ஆட்டி ஆட்டி அந்த ஆளுக்குச் சொன்னன்.

அவ கேட்டுக்கொண்டிருந்துபோட்டுப் படிவத்தை வாங்கி, என்ர பேனையாலயே கையெழுத்து வைச்சா. பாஸ்போட்டைக் காட்டினா, இலக்கத்தை எழுதினன், படத்தையும் முகத்தையும் பாத்தன், சரி. பேனையைத் திருப்பித் தரேக்கை அது ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. “காசுக்கு நீங்க ஒரு வழி பாருங்க. என்னால இங்கயும் முழுசா இருக்க முடியல, அங்கயும் முழுசா இருக்க முடியல” எண்டு சொல்லி எழும்பிப் போனா. அறை நெடுகப் போனா அத்தான். ஒரு விளக்கும் எரியேல்லை. கதவுச் சத்தமும் கேக்கேல்லை. நான் அந்தப் பெட்டியிலயே இருந்து, “26.11.2009, பி.ப. 3.40, நேரில் கண்டேன்” எண்டு எழுதி ஒப்பமிட்டன். அதுக்கும் ஒருக்கால் கையை ஆட்ட வேண்டி வந்தது.

மேல வந்து டைரக்டர் அம்மாவிட்டைப் படிவத்தைக் குடுத்தன். கையெழுத்து இருக்கு, காசு எங்கை எண்டா. யூனிவேர்சிற்றிதான் கட்ட வேணும் எண்டன். அவ சிரிச்சா. எங்கட பகுதியில ஒரு பதவியைக் குறைக்கச் சொல்லி மேலிடம் ஆறு மாசமாய் நெருக்குது, அப்பிடி ஒண்டு குறைஞ்சாத்தான் இனி ஒரு பவுணாவது அசையுமெண்டா. நான் யோசிக்கேல்லை. யோசிச்சிருந்தா சிவமலர் நினைவுக்கு வந்திருப்பா. என்ர பதவியைக் குறையுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டு வருஷம் முந்திப் போறன், அந்த மிச்சத்தில சரோஜினிக்கும் பிள்ளைக்கும் கட்டுங்கோ, மற்ற நாப்பத்தி ரெண்டு பேருக்கும் கட்டுங்கோ, எழுத்தில தாங்கோ எண்டன். அவ கணக்கை ரெண்டு தரம் கூட்டிப் பாத்தா. பிறகு எழுத்தில தந்தா. பத்திரம் முப்பதாந் திகதி வழங்கியாச்சு. எனக்கு டிசம்பர் முடியும்வரை லீவு, அதுதான் சாரமும் குப்பைப் பையும்.

சிவமலர் முதல் மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. நாலாம் நாள், அந்தப் பிள்ளையின்ர குரல் நல்ல குரல்தான் எண்டா. அதோடை சரி. எனக்குக் கவலை இல்லை அத்தான். பயம்தான் கொஞ்சம் இருக்கு, பகலில கூட விளக்குப் போடுறன். ஆனால் நான் களவெடுக்கவில்லை, கலைக்கப்படவுமில்லை. ஒரு தாயும் பிள்ளையும் இந்த ஊரில் இருப்பதற்காக முறைப்படி விலகினேன். இதை அக்காவுக்கும், தங்கள் மாடியிலுள்ளோருக்கும், முக்கியமாக ஹரோவுக்கும் அறியத் தரவும்.

அக்காவுக்கு என் அன்பு. ஜெயகௌரிக்கும் பிள்ளைகளுக்கும் மாமாவின் ஆசிகள். தாங்கள் படியேறும்போது கைபிடியைப் பிடித்து ஏறவும். எல்லோரும் நோய் நொடியின்றி நீடு வாழ வேண்டுமென்று பிரார்த்திக்கும்,

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
தி. தியாகராஜா

பி.கு. (09.12.2009): கடிதத்தை ஒட்டி மூன்று நாளாகிறது. தபாலில் போடவில்லை. போட முடியாமல் போனதற்குக் காரணம் கீழே.

திங்கக்கிழமை, மேசையைக் காலி பண்ணக் கந்தோருக்குப் போனன். மேசையின்ர அடியில இழுக்கிற லாச்சிக்குள்ள பிரிக்காத ஒரு கடித உறை. உள்ள அவசர விடுமுறைப் படிவம். கலாநிதி சரோஜினி, தாய் கடும் வருத்தமாய் ஆஸ்பத்திரியில, மகளோடை பினாங்கு பயணம், ஒக்ரோபர் முப்பதிலிருந்து டிசம்பர் ஏழுவரை, வகுப்புகள் ரத்து. பிரிக்காதது என்ர பிழை. நாலாம் மாடிக்கு ஏறிப் போய் றோஸ்மலரிட்டைக் காட்டினன். அவ தட்டச்சை நிப்பாட்டிப்போட்டு, “நான்தான் அதை அடிச்சனான் அண்ணை. அவ லீவில எண்டு தெரியும். எண்டாலும் ஒவ்வொரு நாளும் கண்டனான். எனக்கு மூளை பிசகிப் போச்செண்டு சொல்லுவினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை” எண்டா.

நேற்றுப் பின்னேரம் சிவமலரைக் கூட்டிக்கொண்டு கோலியர்ஸ் வுட்டுக்குப் போனன். கதவைத் திறந்தது அவதான். அதே முகம், அதே மச்சம். பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் வாசலில கிடந்தது. என்னைப் பாத்து, “யாரு வேணும்?” எண்டு கேட்டா. பேரைச் சொன்னன், அவவுக்குத் தெரியேல்லை. படிவத்தின்ர பிரதியைக் காட்டினன். வாங்கி வாசிச்சு, கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு, “என் கையெழுத்துதான். ஆனா அன்னைக்கு அம்மாவுக்குக் கடைசி நாள், நான் கட்டில விட்டு நகரவே இல்ல” எண்டா. விசா அடுத்த கிழமை முடியுது, பத்திரமும் இல்லை, வந்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போவம் எண்டுதான் வந்தவவாம். பிறகு சின்னக் குரலில கேட்டா, “நான் என்ன சொன்னேன்?”

சொன்னன். எல்லாம் சொன்னன். அவ படியில இருந்து அழுதா. சிவமலர் உள்ள போய்த் தேத்தண்ணி போட்டா.

எனக்கு இப்ப உள்ள கரைச்சல் இதுதான். டிசம்பர் முப்பத்தொண்டுவரை நான்தான் பொறுப்பான அலுவலர். நேரில் கண்டேன் எண்டு ஒப்பமிட்டது நான். கண்டதும் உண்மை, அவ பினாங்கில இருந்ததும் உண்மை. மாற்றம் ஏதும் தெரிய வந்தா பத்து நாளுக்குள்ள அறிவிக்க வேணும், அதில ரெண்டு நாள் போட்டுது. கச்சேரி அனுபவத்தில தாங்கள் சொல்ல வேணும் அத்தான், ரெண்டு பேரில நான் ஆரை அறிவிக்கிறது?